மூன்றாவது அடுக்கு

மேஜையின் மேல் மூன்று அடுக்குகள் இருந்தன. போட்டியிட்டவர்கள் என்னவோ இரண்டு பேர்தான்.

முதல் அடுக்கு ஹேசல் ஆக்ராய்டுக்கு விழுந்த வாக்குகள். இரண்டாவது ஜூலியன் ப்ரூக்குக்கு. மூன்றாவது யாருக்கும் இல்லை. அந்த மூன்றாவதிலிருந்துதான் ஹேசலால் கண்ணை எடுக்க முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் இந்த வார்டின் கவுன்சிலர். இங்கிலாந்தின் ஸ்கெல்டர்பி என்ற சிற்றூரில், இதே விளையாட்டரங்கில், இறகுப்பந்து ஆடுகளத்தின் கோடுகள் மேல் போட்ட இதே மடக்கு மேஜைகளின் முன்னால் நின்று மூன்று எண்ணிக்கைகளைப் பார்த்திருக்கிறாள். செல்லாத சீட்டு என்றால் ஐந்து, ஆறு. மூக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் இரண்டு பெயருக்கும் குறி போட்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

இன்று நூற்றெண்பத்தேழு.

தேர்தல் அதிகாரி பார்ட்லெட் தொண்டையைக் கனைத்தார். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே சாம்பல் கோட்டைப் போடுகிற மனிதர்.

"ஹேசல் ஆக்ராய்ட், நானூத்திப் பன்னெண்டு. ஜூலியன் ப்ரூக், நானூத்தி ஒம்பது. செல்லாதது நூத்தி எம்பத்தேழு. ரெண்டு பேருக்கும் சம்மதம்னா அறிவிச்சிடலாம்."

மூன்று வாக்கு. ஹேசல் மெதுவாக மூச்சை விட்டாள்.

அடுத்த மாதம் மாவட்ட மன்றத்தில் இருபத்தேழாம் எண் பேருந்துக்கான மானியம் வாக்கெடுப்புக்கு வருகிறது. அந்தப் பேருந்து நின்றுபோனால், கார் ஓட்டாதவர்களுக்கு மருத்துவமனைக்குப் போக வழியில்லை. நிறுத்தச் சொல்வது ஜூலியனின் கட்சி. மன்றத்தில் இரண்டு பக்கமும் சரிசமம். ஹேசலின் கை உயர்ந்தால் பேருந்து ஓடும்.

ஆனால் பேருந்து மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அவள் தனக்கே பொய் சொன்னதாக ஆகும். எரியாத தெருவிளக்குகளுக்கும் உடைந்த நடைபாதைக் கற்களுக்கும் பின்னால் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியதை யாராவது பார்த்தார்களா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதை மனிதர்களிடம் கேட்க முடியாது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு தகரப் பெட்டியிடம்தான் கேட்க முடியும். பெட்டி இப்போது 'ஆமாம், மூன்று பேர் அதிகமாகப் பார்த்தார்கள்' என்று சொல்லியிருக்கிறது. போதும்.

ஜூலியன் கையை நீட்டினான். வீடு விற்றுக் கொடுக்கிற தொழில், முப்பத்து நான்கு வயது, கூர்மூக்குக் காலணி. "வாழ்த்துகள் ஹேச..."

"ஒரு நிமிஷம்," என்றார் டெரிக்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டெரிக் ஹேசலின் கணவர். வேட்பாளரின் சார்பில் எண்ணிக்கையைப் பார்ப்பதற்காக வந்திருந்தார். மூன்று தேர்தல்களிலும் அந்த வேலையை அவர்தான் செய்தார். மூன்றிலும் சேர்த்து அவர் பேசியது 'டீ வேணுமா' என்ற இரண்டு சொற்கள்தான்.

"செல்லாத சீட்ட எல்லாம் இன்னொரு தடவ பாத்துடலாம்," என்றார்.

"எதுக்கு?" என்றாள் ஹேசல்.

"மூணே ஓட்டு. வித்தியாசம் ரொம்பச் சின்னது."

"அந்தச் சின்னது நம்ம பக்கம் இருக்கு, டெரிக்!"

"இருந்தாலும்."

ஜூலியன் நீட்டிய கையை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டான். "அதையேதான் நானும் சொல்ல வந்தேன்."

"நீ வாழ்த்துகள்னு சொல்ல வந்தே," என்றாள் ஹேசல்.

"முழுசாச் சொல்லலியே."

டெரிக்கின் நோய் அவளுக்குப் பழகியதுதான். முப்பத்தாறு ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். பெட்ரோல் பங்குகளின் அளவை, மதுக்கடைக் கோப்பைகளின் அளவுக்கோட்டை, கசாப்புக்காரரின் தராசை எல்லாம் சரிபார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு சரிபார்க்க எதுவும் கிடைக்காமல் வீட்டில் பிஸ்கட் பொட்டலத்தை எடை போட்டுப் பார்ப்பார். இன்று அந்தத் தராசில் தன் மனைவியையே ஏற்றிவிட்டார்.

பார்ட்லெட் மூன்றாவது அடுக்கைத் தன் பக்கம் இழுத்தார். "ஒவ்வொண்ணா வாசிக்கறேன். ஒரே ஒரு கட்டத்துல தெளிவா ஒரு குறி இருந்தா, அது ஓட்டு. சுத்தி என்ன எழுதியிருந்தாலும் சரி. எங்க ஆளுங்க அவசரத்துல எழுத்து இருந்ததுல சிலதை அப்படியே ஒதுக்கியிருக்கலாம். ஆரம்பிக்கலாமா?"

கோடு போட்ட ஊசிப் பின்னல் சட்டையுடன் டோரீன் பக்கத்தில் வந்து நின்றாள். நேற்று வாக்குச்சாவடியில் சீட்டு கொடுத்தவள். இன்று எண்ணுகிற மேஜையில். "எனக்கு நேத்தே சந்தேகம், ஹேசல் கண்ணு. உள்ள போற ஒவ்வொருத்தரும் பத்து நிமிஷம். ஒரு பெருக்கல் குறி போட பத்து நிமிஷமா? குறி போட உள்ள கட்டி வெச்ச பென்சிலை நான் நாலு தடவ சீவினேன்."

பார்ட்லெட் முதல் சீட்டை எடுத்தார். உயில் வாசிக்கிற குரலில் படித்தார்.

"'மார்ச் இருபத்தொன்பது என்றீர்கள். ஏப்ரல் பன்னிரண்டு என்றீர்கள். இப்போது அக்டோபர் என்கிறீர்கள். என் பல் வைத்தியர்கூட இத்தனை முறை தள்ளிப்போட மாட்டார்.' குறி எதுவும் இல்லை. செல்லாது."

அடுத்தது.

"'உள்ளே இருங்கள், அல்லது வெளியே போங்கள். வாசலிலேயே நிற்காதீர்கள். குளிர்காற்று வருகிறது.' செல்லாது."

அடுத்ததை எடுத்தார். "'நாடாளுமன்றத்தில் இருக்கிற நீங்கள் அறுநூற்றைம்பது பேரும்...' அதுக்கப்புறம் ஒரு சொல் இருக்கு. ரெண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கார்."

"என்ன சொல்?" என்றான் ஜூலியன்.

பார்ட்லெட் வாசித்தார். தூரத்து மேஜையில் வேறு வார்டின் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அவர் சீட்டைக் கவனமாகக் கீழே வைத்தார். "கருத்தில் நிச்சயமின்மை. செல்லாது."

"அதுலயா நிச்சயம் இல்ல?" என்றாள் டோரீன்.

"சட்டத்தோட வார்த்தை அதும்மா. எனக்குத் தனிப்பட்ட முறையில ஒரு சந்தேகமும் இல்ல."

ஹேசல் சிரிக்கத்தான் நினைத்தாள். இது குப்பைத் தொட்டிக்கும் நடைபாதைக்குமான தேர்தல். சீட்டில் இருந்தவை அவள் பெயரும் ஜூலியன் பெயரும் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதா இருப்பதா என்று லண்டன் நாடாளுமன்றம் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பங்கும் இல்லை. வீட்டு விலாசம் தெரியாமல், கைக்கு எட்டிய முதல் கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் இந்த மக்கள்.

ஆனால் பத்து, இருபது, நாற்பது என்று சீட்டுகள் நகர நகர அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு ஏதோ வந்தது. ஒருவர் ஓரங்கள் முழுவதும் சின்னச் சின்ன வட்டங்களாக வரைந்து, ஒவ்வொன்றிலும் காரை நிறுத்தி, நாற்சந்தி அடைத்துக்கொண்டதுபோல் ஒரு படமே போட்டிருந்தார். ஒருவர் நான்கு வரியில் எதுகை பிசகாமல் பாட்டு எழுதியிருந்தார். ஒருவர் 'தயவுசெய்து' என்று மட்டும் எழுதியிருந்தார். பென்சில் நூலில் கட்டப்பட்டிருந்ததால் வரிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஏறின. ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள், மரக்கட்டைபோல் மழுங்கிய பென்சிலால், நின்றபடி எழுதியிருக்கிறார்கள்.

எழுதியவர் போகச் சொன்னவரா, இருக்கச் சொன்னவரா என்று ஒரு சீட்டிலிருந்துகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று ஆண்டுகளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரொட்டிக் கடையில் நின்றவர்கள், இந்த அடுக்கில் மட்டும் ஒருவர் மேல் ஒருவராக ஒட்டிக்கொண்டு ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இவர்கள் பேருந்து நிறுத்தத்தில் மழையைப் பற்றி மட்டும் பேசுகிற மனிதர்கள். இத்தனை சொற்கள் இந்த ஊருக்குள் எங்கே இருந்தன?

டெரிக்கும் அப்படித்தான். மார்ச் மாதம் முழுவதும் மாலையில் தொலைக்காட்சியில் நாடாளுமன்றத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒவ்வொரு தீர்மானம் தோற்கும்போதும் எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வைப்பார். ஒரே நாளில் எட்டு யோசனைகளை வாக்குக்கு விட்டு எட்டையும் தோற்கடித்தார்கள். அன்று எட்டுக் கோப்பை டீ. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், போவதா இருப்பதா என்று நாட்டு மக்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அவர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று அவளுக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே படுக்கையில் படுத்தவர்கள்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வி அந்த ஆண்டு நாட்டுக்குள் வந்துவிட்டிருந்தது.

"இதோ!" என்றார் டெரிக்.

ஹேசலின் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. கீழே 'வேறு வழியில்லை' என்று எழுதியிருந்தது.

"குறி தெளிவா இருக்கு," என்றார் பார்ட்லெட். "ஆக்ராய்டுக்கு ஒண்ணு. நானூத்திப் பதிமூணு."

"பாத்தியா?" என்றார் டெரிக்.

ஹேசலுக்கு அந்த வாக்கைப் பெற்றுக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"அதே முறையில இதையும் பாக்கணும்," என்று பார்ட்லெட் இன்னொரு சீட்டை எடுத்தார். அதில் குறி இல்லை, படம் இருந்தது. கால்சட்டையை இறக்கிவிட்டுக் குனிந்து நிற்கிற ஒரு மனிதனின் பின்புறம். யாரோ நேரம் எடுத்து, நிழல் போட்டு, மிக அழகாக வரைந்திருந்தார்கள். எல்லாரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

"கை தேர்ந்தவர்," என்றாள் டோரீன் மரியாதையோடு.

"படம் முழுசும் ஒரே கட்டத்துக்குள்ள அடங்கியிருக்கு. கோடு வெளிய போகல," என்றார் பார்ட்லெட். "ப்ரூக்கோட கட்டம்."

"அதுக்கு?" என்றான் ஜூலியன். காது சிவந்திருந்தது.

"ஒரே கட்டத்துல ஒரே குறி. உங்களுக்கு ஒரு ஓட்டு, மிஸ்டர் ப்ரூக். வேணுமா?"

ஜூலியன் அந்தப் பின்புறத்தை நீண்ட நேரம் பார்த்தான். "வேணும்," என்றான்.

அந்த முறையில் அவனுக்கு இன்னும் மூன்று கிடைத்தன. இரண்டு கெட்ட வார்த்தைகள், ஒரு முகம். எல்லாம் கட்டத்துக்குள்.

"நானூத்திப் பதிமூணு, நானூத்திப் பதிமூணு," என்றார் பார்ட்லெட்.

ஹேசல் கணவரை மேஜையின் ஓரத்துக்கு இழுத்துப் போனாள். "திருப்தியா? மூணு ஓட்டு முன்னால நின்னேன். பேசாம நின்னிருந்தா இந்நேரம் வீட்டுல இருந்திருப்போம்."

"இன்னும் முழுசாப் பாக்கல."

"இன்னிக்கு உனக்கு என்னதான் ஆச்சு?"

"முழுசாப் பாக்கணும், ஹேசல்." அவர் கண்கள் அவள் முகத்தில் இல்லை, அடுக்கின் மேல் இருந்தன. "இதுல உனக்கு வரவேண்டியது இன்னும் இருக்கும்."

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதன் அடியில், பழக்கமில்லாத ஒரு வியப்பும். இத்தனை ஆண்டுகளில் அவர் அவளுக்காக எதற்கும் வாதாடி அவள் பார்த்ததில்லை. பிறந்தநாள் வாழ்த்து அட்டையில்கூட அச்சடித்த வரிகளுக்குக் கீழே ஒரே ஒரு எழுத்தைப் போட்டு நீட்டுவார். அவர் பேசினால் எப்படிப் பேசுவார் என்று அவளுக்கே மறந்திருந்தது.

சரி, கெடுத்ததை நாமே சரிசெய்வோம் என்று அவள் மேஜைக்குத் திரும்பினாள். ஜூலியனுக்குப் புதிதாகக் கிடைத்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்றாவதில் கண் நின்றது. கட்டத்துக்குள் ஒரு கெட்ட வார்த்தை. சீட்டின் அடியில், அழகான சாய்வெழுத்தில், 'தங்கள் உண்மையுள்ள, ஏ. த்வெயிட், 9, சேப்பல் சந்து.'

"இவர் கையெழுத்துப் போட்டிருக்கார்!" என்றாள். "யார்னு தெரியற மாதிரி எழுதியிருந்தா செல்லாது இல்லையா? ரகசிய வாக்கெடுப்பு ஆச்சே."

பார்ட்லெட் பெருமூச்சு விட்டார். "உண்மை. செல்லாது."

"அந்தச் சொல்லை எழுதிட்டு யாராவது 'தங்கள் உண்மையுள்ள'ன்னு போடுவாங்களா?" என்றான் ஜூலியன்.

"கையெழுத்துப் போடாத கடுதாசி அனுப்பறது மரியாதை இல்லையே, தம்பி," என்றாள் டோரீன். "ஆர்தர் த்வெயிட் அந்தக் காலத்து ஆளு."

நானூற்றுப் பதிமூன்று, நானூற்றுப் பன்னிரண்டு. ஹேசல் மறுபடியும் முன்னால் இருந்தாள். டெரிக்கைப் பார்த்து, இப்படித்தான் செய்யணும் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

"ஆனா இந்த விதி எல்லாச் சீட்டுக்கும் பொருந்தும்," என்றார் பார்ட்லெட். "ஏற்கெனவே எண்ணினதுக்கும்."

"அப்படின்னா?"

"உங்க அடுக்கையும் மிஸ்டர் ப்ரூக் அடுக்கையும் மறுபடி பாக்கணும். எண்ணறப்போ சிலர் குறியை மட்டும்தான் பாத்திருப்பாங்க."

அரை மணி நேரம் ஆயிற்று. ஜூலியனின் அடுக்கில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். ஹேசலின் அடுக்கில் மூன்று பேர்.

"'நன்றி ஹேசல், தெருவிளக்கு இப்போது எரிகிறது. திருமதி ஈ. ஃபர்த், 3, மில் சந்து. மணி வேலை செய்யாது, கதவைத் தட்டவும்,'" என்று பார்ட்லெட் வாசித்தார். "மன்னிக்கணும், மிஸஸ் ஆக்ராய்ட்."

ஹேசல் அந்தச் சீட்டைப் பார்த்தபடியே நின்றாள். மணி வேலை செய்யாது என்று ஒரு தகரப் பெட்டிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள் எடித் ஃபர்த். யாராவது பதில் சொல்ல வருவார்கள் என்று நினைத்திருக்கிறாள். வந்தால் வாசலில் காத்துக் கிடக்கக்கூடாதே என்று. ஹேசலை ஆதரிக்கிறவர்கள் எல்லாரும் நன்றி சொல்லத் தெரிந்தவர்கள். அதனாலேயே அவள் வாக்குகள் குறைந்துகொண்டே போயின.

"நானூத்திப் பத்து, நானூத்திப் பத்து," என்றார் பார்ட்லெட். "சமம்."

"லண்டன்ல இருக்கறவங்க தேவலை," என்றாள் டோரீன். "அங்க யாராவது ஒருத்தர் தோக்கவாவது செய்யறாங்க."

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் டெரிக்.

அடுக்கின் அடியில் உண்மையிலேயே ஒன்று இருந்தது. இரண்டு பெயர்களைச் சுற்றியிருந்த வெள்ளை முழுவதும் நிரம்பி, பின்பக்கம் திரும்பி, அங்கேயும் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் அரசாங்கப் படிவத்தில் எழுதுவதுபோல் தனித்தனியாக, அச்சடித்த மாதிரி. எந்தக் கட்டத்திலும் குறி இல்லை.

பார்ட்லெட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"'நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு. மூன்று ஆண்டுகளாக நீங்கள் ஓர் அறைக்குள் நின்று 'இல்லை' என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போவதற்கும் இல்லை. இருப்பதற்கும் இல்லை. பாதி போவதற்கும் இல்லை. நான் எந்தப் பக்கம் என்பது இனி முக்கியமில்லை. எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியிருந்தாலும் இன்று இதே இடத்தில்தான் வந்து நின்றிருப்பேன்.

'எங்கள் ஊரில் மழைக்காலத்தில் வடிகால் அடைத்துக்கொள்ளும். அப்போது ஒரு பெண் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போகிறாள். அந்தத் தெருவில் இருப்பவர்கள் எல்லாரையும் அவளுக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. இலையை யார் அள்ளுவது என்பதில் ஆளுக்கொரு வாதம் வைத்திருப்பார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறாள். கேட்டுக்கொண்டே குச்சியை விட்டுக் குத்துகிறாள். தண்ணீர் இறங்குகிறவரை வீடு திரும்புவதில்லை. திரும்பி வந்ததும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

'உங்களைவிட அறிவாளி என்று அவளைச் சொல்ல மாட்டேன். ஆனால் அடைப்பு என்றால் எடுக்க வேண்டியது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும்.'"

ஜூலியன் தன் காலணி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து மேஜையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

தேவாலயத்தில் பெரிய வாத்தியம் முழங்குகிறபோது முதுகுத்தண்டில் ஒரு சிலிர்ப்பு ஏறுமே, அது ஹேசலுக்கு ஏறியது. அந்தப் பெண் தானாக இருக்கலாம் என்று தோன்றியது. தானாக இருக்க முடியாது என்று உடனே தோன்றியது. தான் சும்மா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போனவள். இந்தச் சீட்டில் இருப்பவள் அதைவிடப் பெரியவள்.

"இது ஓட்டு," என்றார் டெரிக். "இவளுக்குப் போட்ட ஓட்டு."

"குறி இல்லையே, மிஸ்டர் ஆக்ராய்ட்."

"எண்ணம் தெளிவா இருந்தாப் போதும்னு சட்டத்துல இருக்கு. நான் படிச்சிருக்கேன். இதவிடத் தெளிவா என்ன வேணும்?"

"பேர் இல்லையே," என்றான் ஜூலியன் தயக்கத்தோடு. "'ஒரு பெண்'ணுதான் இருக்கு. குழாய் ரிப்பேர் பண்ற பெண்ணாக்கூட இருக்கலாம்."

"அது இவதான்!"

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றார் பார்ட்லெட்.

டெரிக் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். எடைக்கல்லில் குறை பிடிபட்ட கடைக்காரரின் முகம்போல் இருந்தது அவர் முகம்.

"தோணுது," என்றார்.

"தோணினாப் போதாதே. கருத்தில் நிச்சயமின்மை. செல்லாது." பார்ட்லெட் அந்தச் சீட்டை மட்டும் மற்றவற்றின் மேல் போடாமல் தனியாக, நேராக வைத்தார். "வாசிச்சதுல எனக்குச் சந்தோஷம். ஆனா செல்லாது."

சமமாக நின்றால் சீட்டுக் குலுக்க வேண்டும் என்பது சட்டம். எதில் குலுக்குவது என்று சட்டத்தில் இல்லை. டோரீன் இறகுப்பந்துகள் வருகிற நீளமான அட்டைக் குழாய் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தாள். இரண்டு பெயர்களை எழுதி மடித்து உள்ளே போட்டார்கள். பார்ட்லெட் துக்க வீட்டு முகத்தோடு குழாயைக் குலுக்கினார். ஆயிரம் பேர் பேசியதற்குப் பிறகு ஒரு காகிதம் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஜூலியன் ப்ரூக்."

சிலர் கைதட்டினார்கள். ஜூலியன் தட்டவில்லை. ஒரு பின்புறமும் ஒரு பந்துக் குழாயும் சேர்ந்து தன்னைக் கவுன்சிலராக்கியதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறவன்போல் நின்றான். பிறகு ஹேசலிடம் வந்தான்.

"அந்த வடிகால் எங்க இருக்கு?"

"மில் சந்து முனையில. மழைக்கோட்டு வெச்சிருக்கியா?"

"வாங்கணும்." அவன் கொஞ்சம் தயங்கினான். "இருபத்தேழாம் நம்பர் பஸ்ஸ பத்திக் கட்சியில பேசிப் பாக்கறேன்."

"பேசறதுக்கு முன்னாடி ஒரு நாள் அதுல ஏறிப் போய்ப் பாரு. எடித் ஃபர்த் பக்கத்துல உக்காந்துக்கோ. எல்லாம் சொல்லுவா. வீட்டுக்குப் போனா மணி அடிக்காத, கதவத் தட்டு."

அவன் உண்மையாகவே அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போனான்.

டெரிக் காரை எடுத்து வருவதாகச் சொல்லி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போயிருந்தார். போகிறபோது தேநீர்க் குடுவையைக்கூட மறந்துவிட்டார். மேஜைகளை மடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஹேசல் மூன்றாவது அடுக்கின் முன்னால் கடைசியாக ஒருமுறை நின்றாள். தோற்றுப்போனது நெஞ்சில் ஒரு கல்லாக இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் கல்லைச் சுற்றி வேறு எதுவோ விரிந்துகொண்டே போனது. கடல் முன்னால் நிற்கிறபோது வருமே, தான் சின்னவள் என்பதில் ஒரு நிம்மதி, அது. இந்த ஊரின் ஏதோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பன்னிரண்டு மழைக்காலமும். ஒரு சத்தமும் போடாமல்.

"யார் எழுதினாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும், டோரீன்," என்றாள். "தெருவுல எத்தனையோ தடவ கடந்து போயிருப்பேன். ஒரு தடவகூட நின்னு பேசியிருக்க மாட்டேன். இப்படி ஒரு மனசு இந்த ஊருல இருக்குன்னு தெரியாமலே இருந்துட்டேனே. போய்க் கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்போல இருக்கு."

டோரீன் நூலோடு பென்சில்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அய்யோ கண்ணு, உன் வீட்டுக்காரரு இன்னும் சொல்லவே இல்லியா? நேத்து சாயங்காலம் மூணு தடவ திரும்பி வந்து, 'லண்டன்காரங்களத் திட்டற வேகத்துல என் பொண்டாட்டிக்குக் குறி போட மறந்துட்டேன், அந்தப் பெட்டிய ஒரே ஒரு நிமிஷம் திறக்க முடியுமா'ன்னு என்கிட்ட கெஞ்சிட்டுப் போனாரே!"